வாஷிங்டன் யார் வீட்டுப் பெயர்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆங்கிலேயரின் குடும்பப்பெயர்கள் எப்படிப் பிறந்தன, எப்படிக் கடல் தாண்டின என்று கேட்டு வந்த கடிதங்களில் பல வாஷிங்டன் என்ற பெயரையே சுற்றி வந்தன. ஆகவே இந்த முறை எல்லாக் கேள்விகளும் அந்த ஒரு பெயரை ஒட்டியே.

கேள்வி: வாஷிங்டன் என்பது முதலில் ஊரா, ஆளா? எப்போது அது குடும்பப்பெயர் ஆனது?

பதில்: ஊர்தான் முதலில். இங்கிலாந்தின் வடகிழக்கில், சண்டர்லாந்துக்குப் பக்கத்தில், பழைய டர்ஹம் கவுண்டியில் அது இன்றும் இருக்கிறது. தொடக்கத்தில் அந்த ஊருக்கும் பின்னால் அந்தப் பெயரால் புகழ்பெற்ற குடும்பத்துக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. குடும்பத்தின் மூத்தவர் வில்லியம் என்ற நிலக்கிழார். அவர் வைத்திருந்த ஊர் ஹார்ட்பர்ன், அதனால் 'ஹார்ட்பர்ன்காரர் வில்லியம்' என்ற பொருளில் வில்லியம் டி ஹெர்ட்பர்ன் என்று எழுதினார்கள்.

பிறகு அவர் டர்ஹம் பிஷப்போடு நிலத்தை மாற்றிக்கொண்டார். 1183இல் பிஷப் தன் நிலங்களுக்கெல்லாம் ஒரு கணக்கு எடுக்கச் சொன்னார். 'போல்டன் புத்தகம்' என்று அழைக்கப்படும் அந்தக் கணக்கில் இந்த மாற்று பதிவாகியிருக்கிறது. ஹார்ட்பர்னை விட்டுக்கொடுத்ததற்கு ஈடாக வில்லியமுக்கு வாஷிங்டன், தேவாலயமும் அதன் நிலமும் நீங்கலாக. அதற்கு அவர் செலுத்த வேண்டியது 4 பவுன். கூடவே, பிஷப்பின் பெருவேட்டைக்கு 4 கிரேஹவுண்ட் நாய்களோடு போக வேண்டும். நிலம் மாறியது, பெயரும் மாறியது, ஹெர்ட்பர்ன் போய் வெசிங்டன் வந்தது. அந்த மாற்று நடக்காமல் போயிருந்தால் அமெரிக்கத் தலைநகரின் பெயரே வேறு.

அந்தக் காலத்தில் இந்த 'டி' ஒரு முகவரி மாதிரி. ஆள் வேறு ஊர் போனால் முகவரியும் மாறும். நார்மன் பிரபுக்கள் 1066க்குப் பிறகு பெயரைத் தலைமுறை தலைமுறையாகக் கொண்டுசெல்லத் தொடங்கினார்கள். சாதாரண மக்களிடம் அது நிலைபெற ஏறக்குறைய 1400 வரை ஆனது, வடக்கே இன்னும் தாமதம். ஊரால் வந்த பெயர், தொழிலால் வந்த ஸ்மித், டெய்லர், தகப்பன் பெயரால் வந்த ஜான்சன், பட்டப்பெயராய் ஒட்டிக்கொண்ட ஆர்ம்ஸ்ட்ராங் என ஆங்கிலக் குடும்பப்பெயர்களில் பெரும்பகுதி இந்த நான்குக்குள் அடங்கிவிடும்.

கேள்வி: அப்படியானால் வாஷிங்டன் என்ற பெயருள்ள எல்லா ஆங்கிலேயரும் அந்த வில்லியமின் வழிவந்தவர்களா?

பதில்: இல்லை. அந்த ஊரிலிருந்து வெளியேறிய எவரையும் போன இடத்தில் 'வாஷிங்டன்காரர்' என்றே அழைத்திருப்பார்கள். உழவனுக்கும் அதே பெயர், பண்ணையாருக்கும் அதே பெயர். போதாக்குறைக்கு, தெற்கே சசெக்ஸில் இன்னொரு வாஷிங்டன் இருக்கிறது. ஊர்ப்பெயரிலிருந்து வந்த குடும்பப்பெயரை ஆராய்பவர் முதலில் வரைபடத்தைப் பிரித்து, அந்தப் பெயரில் எத்தனை ஊர் உண்டு என்று எண்ண வேண்டும். பலர் தங்களுக்குப் பிடித்த ஊரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு அங்கிருந்து கீழ்நோக்கிக் கதை கட்டுகிறார்கள். மேல்நோக்கி ஏறி வந்து எந்த ஊரில் முட்டுகிறதோ, அதுதான் உங்கள் ஊர்.

கேள்வி: வடகிழக்கு மூலையில் இருந்த குடும்பம் அமெரிக்கா போய்ச் சேர்ந்தது எப்படி? ஒரே தாவலா, படிப்படியாகவா?

பதில்: படிப்படியாகத்தான், நானூற்றுச் சொச்சம் ஆண்டுகளில். குடும்பத்தின் ஒரு கிளை மேற்குக் கரைக்கு, லங்காஷயரின் வார்ட்டன் என்ற ஊருக்கு நகர்ந்தது. அங்கே தேவாலயக் கோபுரத்தில் இக்குடும்பத்தின் குலச்சின்னம், கேடய வடிவில் வரையும் அடையாளம், செதுக்கப்பட்டிருக்கிறது.

அடுத்த நகர்வுக்குக் காரணம் ஒரு தாய்மாமன். வார்ட்டனில் பிறந்த லாரன்ஸ் வாஷிங்டனின் தாய், மார்கரெட் கிட்சன். அவருடைய சகோதரர் சர் தாமஸ் கிட்சன் லண்டனில் பெரிய துணி வணிகர். அந்தச் செல்வாக்கோடு லாரன்ஸ் கம்பளி வியாபாரத்துக்கு வந்து, நார்தாம்ப்டனில் காலூன்றி, 1532இலும் 1545இலும் அந்நகரின் மேயரானார். எட்டாம் ஹென்றி மடாலயங்களைக் கலைத்து நிலங்களை விற்றபோது, செயின்ட் ஆண்ட்ரூ மடத்துக்குச் சொந்தமாயிருந்த சல்க்ரேவ் பண்ணையை 1539இல் வாங்கினார். விலை 324 பவுன், 14 ஷில்லிங், 10 பென்ஸ். அங்கே அவர் கட்டிய வீடு இன்றும் நிற்கிறது. கம்பளி கொடுத்த வாழ்வு நீடிக்கவில்லை, மகன் பேரன் காலத்திலேயே சல்க்ரேவ் கைவிட்டுப் போயிற்று.

கொள்ளுப்பேரன், அவர் பெயரும் லாரன்ஸ், ஆக்ஸ்ஃபோர்டில் படித்துப் பாதிரியாரானார். 1632இல் எஸ்ஸெக்ஸில் பர்லீ என்ற ஊரின் தேவாலயம் அவர் பொறுப்பில் வந்தது. நல்ல வருமானமுள்ள பதவி. உள்நாட்டுப் போர் வந்தது. மன்னர் பக்கம் நின்ற பாதிரியார்களை நாடாளுமன்றத்தார் வரிசையாக நீக்கினார்கள். 1643இல் இவரும் நீக்கப்பட்டார், சாராயக் கடையே கதி என்று கிடக்கிறார் என்பது குற்றச்சாட்டு. அது எவ்வளவு உண்மை, எவ்வளவு அரசியல் என்பதை அந்த ஆண்டைப் பார்த்தே ஊகித்துக்கொள்ளலாம். பத்தாண்டு கழித்து வறுமையில் இறந்தார்.

அவருடைய மூத்த மகன் ஜான் 1656இல் 'சீ ஹார்ஸ்' என்ற கப்பலில் துணை அதிகாரியாக வர்ஜீனியாவுக்குப் புறப்பட்டார். புகையிலை ஏற்றப் போன கப்பல் அது. திரும்பும் வேளையில் பொட்டோமாக் ஆற்றில் தரைதட்டியது. கப்பலை மீட்டெடுத்தார்கள், ஆனால் ஜான் அதில் ஏறவில்லை. கப்பல் தலைவரோடு கூலித் தகராறு, வழக்குவரை போனது. அவருக்கு இடம் கொடுத்த நதானியேல் போப்பின் மகள் ஆன் என்பவரை மணந்துகொண்டார், மாமனார் 700 ஏக்கர் நிலம் கொடுத்தார். இந்த ஜானின் பேரனுடைய மகன்தான் ஜார்ஜ் வாஷிங்டன்.

இந்த வரலாற்றில் ஒவ்வொரு நகர்வுக்கும் தனிக் காரணம் உண்டு: நில மாற்று, தாய்மாமன், மடாலய ஏலம், பதவிப் பறிப்பு, தரைதட்டிய கப்பல். 'நல்வாழ்வு தேடிப் போனார்கள்' என்று குடும்ப வரலாறுகளில் ஒரு வரி வரும். அந்த வரி வந்தால், அங்கே ஆவணம் பார்க்கப்படவில்லை என்று பெரும்பாலும் பொருள்.

கேள்வி: ஜான் இன்னார் மகன் என்று இவ்வளவு உறுதியாக எப்படிச் சொல்கிறார்கள்? ஜார்ஜ் வாஷிங்டனே எழுதி வைத்தாரா?

பதில்: அவருக்கே தெளிவாகத் தெரியாது. 1791இல் இங்கிலாந்தில் குலச்சின்னங்களையும் வம்சாவளிகளையும் கவனிக்கும் தலைமை அதிகாரி சர் ஐசக் ஹெர்ட் குடும்ப விவரம் கேட்டு எழுதினார். மறு ஆண்டு மே மாதம் ஜார்ஜ் பதில் போட்டார்: இந்த விஷயத்தில் தான் அதிகம் கவனம் செலுத்தியதில்லை, 1657 வாக்கில் ஜான், லாரன்ஸ் என்ற சகோதரர்கள் வட இங்கிலாந்திலிருந்து வந்ததாகக் கேள்வி, என்று. வடக்கு என்பது குடும்பத்தின் பழைய நினைவு. ஆனால் கப்பலேறிய தலைமுறை தெற்கே எஸ்ஸெக்ஸ், ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பக்கம் வளர்ந்தது. வாய்மொழி மரபு பெரும்பாலும் இப்படித்தான், பெயரையும் திசையையும் காப்பாற்றும், காலத்தைக் கலைத்துவிடும்.

ஹெர்ட் என்ன செய்தார்? ஜான், லாரன்ஸ் என்று இரண்டு வாஷிங்டன் சகோதரர்களை அதே காலத்து வம்சாவளிகளில் தேடினார், கிடைத்தார்கள், முடிச்சுப் போட்டுவிட்டார். அவர் பிடித்த ஜான், 'சர்' பட்டம் பெற்றவர். வர்ஜீனியாவின் ஜானை எந்த ஆவணமும் 'சர்' என்று சொல்லவில்லை. இந்த ஒன்றே சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டும். ஆனாலும் அந்த வம்சாவளி 70 ஆண்டுக்கு மேல் அச்சேறிக்கொண்டே இருந்தது. 1866இல் ஜோசப் செஸ்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் உயில்களையும் தேவாலயப் பதிவேடுகளையும் வைத்து, ஹெர்ட் காட்டிய சகோதரர்கள் கடல் தாண்டியவர்கள் அல்லர் என்று நிறுவினார்.

சரியான விடையை 1889இல் ஹென்றி வாட்டர்ஸ் வெளியிட்டார். திறவுகோல், ட்ரிங் என்ற சிற்றூர்க்காரர் ஆண்ட்ரூ நோலிங்கின் உயில். வாஷிங்டன் குடும்பத்தவர் அல்லாத ஒருவருடைய உயில் என்பதைக் கவனியுங்கள். அதில் ஆம்ஃபிலிஸ் வாஷிங்டனும் அவர் பிள்ளைகளும் பெயர்பெயராக வருகிறார்கள். ஆம்ஃபிலிஸ், பர்லீ பாதிரியாரின் மனைவி. ட்ரிங் பதிவேட்டில் பிள்ளைகளின் ஞானஸ்நானமும் தாயின் அடக்கமும் கிடைத்தன. தாயின் உடைமைகளை நிர்வகிக்கும் உரிமை மூத்த மகன் ஜானுக்கு 1656 பிப்ரவரியில் வழங்கப்பட்டது. அதே ஆண்டு ஜான் கப்பலேறுகிறார். அட்லாண்டிக்கின் அந்தப் பக்கம், ஜானின் உயிலில் இங்கிலாந்தில் தனக்கிருந்த பணத்திலிருந்து மார்த்தா என்ற சகோதரிக்கு 10 பவுன் ஒதுக்கப்பட்டிருக்கிறது. இரு கரையிலும் ஒரே உடன்பிறப்புகளின் கூட்டம் தென்பட்ட பிறகே வாட்டர்ஸ் முடிச்சுப் போட்டார்.

ஒரு ஆள் பெயர் பொருந்துவது ஆதாரமல்ல. ஜான் என்ற பெயர் அங்கே தெருவுக்கு நான்கு இருக்கும். உடன்பிறந்தார், சாட்சிகள், ஞானத் தந்தை, நிலம் எனக் கூட்டமாகப் பொருந்த வேண்டும்.

கேள்வி: ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்தது 1731 என்று ஒரு இடத்திலும் 1732 என்று இன்னொரு இடத்திலும் படித்தேன். எது சரி?

பதில்: இரண்டும். 1752 வரை இங்கிலாந்திலும் அதன் குடியேற்றங்களிலும் புத்தாண்டு சட்டப்படி மார்ச் 25இல்தான் பிறந்தது. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் 24 வரையிலான நாட்கள் பழைய ஆண்டோடு சேர்ந்தவை. 1752இல் ஜனவரி 1க்கு மாற்றினார்கள். அதோடு செப்டம்பர் 2க்கு மறுநாளை 14 என்று வைத்து 11 நாளை நீக்கினார்கள். அதனால் 1731 பிப்ரவரி 11 என்று எழுதப்பட்ட பிறந்தநாள், புதுக்கணக்கில் 1732 பிப்ரவரி 22.

மேலே சொன்ன தாயின் நிர்வாக உரிமைப் பத்திரமும் அன்றைய கணக்கில் 1655 பிப்ரவரிதான். குறிப்பெடுக்கும்போது 1655/56 என்று இரண்டு ஆண்டையும் போடுங்கள். இல்லாவிட்டால் ஏப்ரல் 1655இல் திருமணம், பிப்ரவரி 1655இல் குழந்தை என்ற பதிவைப் பார்த்து அநியாயமாக ஒரு குடும்பத்தின் மானத்தை வாங்கிவிடுவீர்கள். பத்து மாதக் கணக்கு சரியாகவே இருக்கும்.

கேள்வி: ஏதாவது ஒரு ஆங்கிலக் குடும்பப்பெயரின் வழியை நாமே தேட வேண்டுமென்றால் எங்கே தொடங்குவது?

பதில்: தெரிந்த கடைசி ஆளிடம். அவரிலிருந்து ஒரு தலைமுறை, பிறகு இன்னொன்று என்று பின்னோக்கி ஏறுங்கள்.

இங்கிலாந்து, வேல்ஸில் அரசுப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு 1837 ஜூலை 1இல் தொடங்குகிறது. பிறப்புச் சான்றிதழ் தாயின் பிறந்தவீட்டுப் பெயரைத் தரும். திருமணச் சான்றிதழ் இரு தரப்புத் தகப்பன்களின் பெயரும் தொழிலும் தரும். தாய்மார் பெயர் 2021இல்தான் அதில் இடம்பிடித்தது. அட்டவணை, நடந்த நாளை வைத்து அல்ல, பதிந்த காலாண்டை வைத்து அமைந்தது. பிறப்பைப் பதிய ஆறு வாரம் அவகாசம் உண்டு. டிசம்பரில் பிறந்த குழந்தையை அடுத்த ஆண்டின் மார்ச் காலாண்டில் தேடுங்கள். 1875க்கு முன் பதியாத பெற்றோரும் இருந்தார்கள், 'கிடைக்கவில்லை' என்பதை 'பிறக்கவில்லை' என்று படிக்காதீர்கள்.

அதோடு சென்சஸை இணையுங்கள். 1841இலிருந்து பத்தாண்டுக்கு ஒருமுறை குடும்பத்தவர் பெயரோடு கிடைக்கும். 1841இல் 15க்கு மேற்பட்டவர் வயதை ஐந்தின் மடங்குக்குக் கீழிறக்கி எழுதச் சொன்னார்கள், 39 வயதுக்காரர் 35 ஆவார். பிறந்த ஊரும் இராது, அதே கவுண்டியா என்பதற்கு ஆம், இல்லை மட்டும். 1851 தான் தங்கம்: பிறந்த பாரிஷ் (ஒரு தேவாலயத்தின் எல்லைக்கு உட்பட்ட வட்டாரம்), குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, இரண்டும் வரும். பின்முனையில் 1921 சென்சஸ் 2022இல் திறக்கப்பட்டது. 1931 தாள்கள் 1942இல் தீயில் போயின, 1941இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை. அந்த இடைவெளியை 1939 செப்டம்பரில் எடுத்த தேசியப் பதிவேடு ஓரளவு அடைக்கும்.

1837க்கு முன் பாரிஷ் பதிவேடுகள்தான். 1538இல் தொடங்கச் சொல்லி உத்தரவு, எல்லா ஊரிலும் அது நிலைக்கவில்லை. 1813இலிருந்து ஞானஸ்நானத்துக்கு அச்சிட்ட படிவம், தகப்பன் தொழிலோடு. 1754இலிருந்து திருமணத்துக்கும் படிவம், சாட்சிக் கையெழுத்தோடு. பதிவேடு செல்லரித்துப்போயிருந்தால் ஆண்டுதோறும் பிஷப்புக்கு அனுப்பிய நகலைக் கேளுங்கள். பலர் இதை மறந்துவிட்டு 'ஆவணமில்லை' என்று கையை விரிக்கிறார்கள். 1642 முதல் 1660 வரை பாதி ஊர்களில் ஓட்டைதான், போர்க்காலம். ட்ரிங் மாதிரி கிடைத்தால் அதிர்ஷ்டம்.

அந்த ஓட்டையைத் தாண்ட வைப்பது உயில். 1858 ஜனவரி 12க்கு முன் உயில்களை மெய்ப்பித்தது திருச்சபை நீதிமன்றங்கள். கேன்டர்பரி பேராயர் நீதிமன்றத்தின் உயில்கள் லண்டனில் க்யூ என்ற இடத்திலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. உங்கள் பெயர் கொண்டவர்களின் உயிலோடு நிறுத்தாமல், மாமனார், மாற்றாந்தகப்பன், பக்கத்து நிலக்காரர் உயில்களையும் படியுங்கள். நோலிங்கின் உயில் கற்றுத்தருவது அதைத்தான்.

எழுத்துக்கூட்டலைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். வெசிங்டன், வாஸ்ஷிங்டன், வாஷெண்டன் எல்லாம் ஒரே ஆளாக இருக்கலாம், பாதிரியார் காதில் விழுந்ததை எழுதினார். இணையத் தேடலில் முதல் எழுத்தையும் கடைசி நாலைந்து எழுத்தையும் கொடுத்து நடுவில் நட்சத்திரக் குறி போடுங்கள். அப்படியும் சிக்காவிட்டால் குடும்பப்பெயரை விட்டுவிட்டு, பாரிஷ், முதற்பெயர், ஆண்டு மட்டும் கொடுத்துப் பாருங்கள். பழைய கையெழுத்தை நகலெடுத்தவர் முதல் எழுத்தையே தவறாகப் படித்திருப்பார்.

கேள்வி: 'உங்கள் குடும்பப்பெயரின் சின்னம்' என்று கோப்பையில் அச்சிட்டுத் தருகிறார்களே, வாங்கலாமா?

பதில்: காப்பி குடிக்க வாங்கலாம். இங்கிலாந்தில் சின்னம் ஒரு ஆளுக்கும் அவர் ஆண்வழி வாரிசுகளுக்கும் உரியது, குடும்பப்பெயருக்கு அல்ல. வெள்ளி நிறத்தில் இரண்டு சிவப்புப் பட்டைகள், மேலே மூன்று சிவப்பு நட்சத்திரங்கள் என்ற வாஷிங்டன் சின்னம் சல்க்ரேவ் வாசலில் இருக்கிறது. 1938இல் வாஷிங்டன் டி.சி. அதையே கொடியாக்கிக்கொண்டது. அமெரிக்கத் தேசியக் கொடியும் அதிலிருந்து பிறந்தது என்பதற்குச் சான்று எதுவுமில்லை.

கேள்வி: அமெரிக்காவில் வாஷிங்டன் என்ற பெயருடையவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர் என்கிறார்களே?

பதில்: உண்மை. 2000ஆம் ஆண்டு அமெரிக்க சென்சஸில் இப்பெயர் கொண்டவர்கள் ஏறத்தாழ 1,63,000 பேர். பத்தில் ஒன்பது பேர் கறுப்பினத்தவர்.

ஜார்ஜ் வாஷிங்டன் தன் உயிலில் 123 அடிமைகளை விடுவித்தார், அவர்கள் வழி வந்ததுதான் இத்தனை பேர் என்று ஒரு விளக்கம் உலவுகிறது. எண்ணிக்கை அதற்கு இடம் தராது. 1865இல் அடிமைமுறை ஒழிந்தபோது, பள்ளியிலும் ராணுவத்திலும் நில ஒப்பந்தத்திலும் குடும்பப்பெயர் கேட்கப்பட்டது. சிலர் தங்களுக்குள் ஏற்கெனவே வழங்கிய பெயரைச் சொன்னார்கள், எசமானர் பதிவேடு அதைக் கண்டுகொண்டதில்லை. சிலர் பழைய எசமானரின் பெயரை வைத்துக்கொண்டார்கள், பலர் விரும்பியதைத் தேர்ந்தார்கள். நாட்டின் முதல் ஜனாதிபதியின் பெயர் எல்லார் காதிலும் விழுந்த பெயர். கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டன் சிறுவனாகப் பள்ளியில் பெயர் கேட்டபோது 'புக்கர் வாஷிங்டன்' என்று தானே சொல்லிக்கொண்டார். அவருடைய மாற்றாந்தகப்பனின் முதற்பெயர் வாஷிங்டன்.

தேடுபவர்களுக்கு இங்கே பெரிய சுவர் 1870. முன்பு அடிமைகளாயிருந்தவர்களைப் பெயரோடு எழுதிய முதல் சென்சஸ் அதுதான். 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் உரிமையாளர் பெயரின் கீழ் வயது, பால், நிறம் மட்டும் இருக்கும். சுவரைத் தாண்ட, விடுதலையான அடிமைகளுக்காக 1865 முதல் 1874 வரை இயங்கிய ஃப்ரீட்மென்ஸ் சேமிப்பு வங்கியின் கணக்குப் பதிவுகளைப் பாருங்கள். பல பதிவுகளில் பெற்றோர், உடன்பிறந்தார், பழைய எசமானர் பெயர் வரை உண்டு. எசமானர் பெயர் கிடைத்தால் அவருடைய உயிலும் சொத்துப் பட்டியலும் அடுத்த படி. வாஷிங்டன் என்று இருப்பதாலேயே எசமானரும் வாஷிங்டனாகத்தான் இருப்பார் என்று தொடங்குவதுதான் இதில் அதிகம் நடக்கும் பிழை.

கேள்வி: டி.என்.ஏ. சோதனை ஒன்று செய்தால் இத்தனை தேடலும் மிச்சமாகுமே?

பதில்: மிச்சமாகாது, சரிபார்க்க உதவும். குடும்பப்பெயர் போலவே வொய் குரோமோசோமும் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகிறது. ஆகவே அந்தப் பெயர் தாங்கிய ஆண்தான் சோதனை செய்ய வேண்டும். 2000இல் வெளியான ஓர் ஆய்வில், சைக்ஸ் என்ற பெயருள்ள 48 ஆண்களைச் சோதித்தபோது பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களிடம் ஒரே வகை வொய் குரோமோசோம் இருந்தது. மற்றவர்களிடம் இல்லை: தத்து, தாய்வழிப் பெயர், மறைவான உறவு, நூற்றாண்டுகளில் எல்லாம் சேரும். ஸ்மித் போன்ற பெயரில் பொருத்தம் இன்னும் குறைவு, ஊருக்கு ஊர் கொல்லன் இருந்தான் அல்லவா.

வொய் குரோமோசோமில் ஒப்பிட்டுப் பார்க்கும் இடங்களைக் குறியீடுகள் என்பார்கள். 12 குறியீடுகள் மட்டும் பார்க்கும் மலிவுச் சோதனை ஏமாற்றும், சம்பந்தமில்லாதவர்களும் பொருந்துவார்கள். 37க்குக் குறையாமல் பாருங்கள். ஜார்ஜ் வாஷிங்டனுக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லை. அதனால் 2024இல் வெளியான ஆய்வு அவருடைய தம்பி சாமுவேலின் வழியினரை வைத்தே நடந்தது.

கேள்வி: நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளைச் சோதித்து அனுமதித்த எல்லிஸ் தீவில், அவர்களின் பெயரை அதிகாரிகள் மாற்றி எழுதினார்களாமே?

பதில்: கட்டுக்கதை. 1892இல் திறந்த எல்லிஸ் தீவில் அதிகாரிகள் புதிதாகப் பெயர் எழுதவில்லை, கப்பல் புறப்பட்ட துறைமுகத்தில் தயாரான பயணிகள் பட்டியலை வைத்துச் சரிபார்த்தார்கள். பெயரை மாற்றியவர்கள் பெரும்பாலும் குடியேறிகளே, வந்து சில ஆண்டு கழித்து. எனவே மாறிய பெயரைக் கப்பல் பட்டியலில் தேடாமல், குடியுரிமை விண்ணப்பத்தில் தேடுங்கள். 1906க்குப் பிந்திய விண்ணப்பங்களில் வந்த கப்பலும் தேதியும் இருக்கும். அதை வைத்துப் பட்டியலுக்குப் போனால் பழைய பெயர் அங்கே இருக்கும்.